குந்தாவிலிருந்து வந்த ரைபிள்: வெட்டுப்பட்ட ஒரு பயிற்சித் துப்பாக்கியின் மீட்பு

துப்பாக்கித் தொழிலில் குந்தா என்றால் ரைபிளின் பின்புற மரக்கட்டை. நீலகிரியில் அது ஒரு வட்டத்தின் பெயர். இந்த ரைபிள் குந்தா வட்டத்தில், மஞ்சூருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தேயிலை விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தது. தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருப்பது. அப்பா மறைந்த பிறகு உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட பேரன், உறையைப் பிரித்து என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்ன முதல் வாக்கியம் இது: "சார், இது பழைய த்ரீ நாட் த்ரீ. தாத்தா காலத்தில் வேட்டைக்காக வெட்டிவிட்டார்கள். பட்டாளத்தில் இருந்தது போலவே எனக்கு வேண்டும்."

நான் ராணுவத்தில் ஆயுதப் பழுதுபார்ப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்று அருவங்காட்டில் வசிப்பவன். வாரத்தில் மூன்று நாள் மலையிறங்கி, கோயம்புத்தூரில் உரிமம் பெற்ற ஒரு பழுதுபார்ப்புக் கடையில் வேலை செய்கிறேன். கீழே எழுதியிருக்கும் வேலை முழுவதும் அந்தக் கடையில், அதன் பதிவேட்டில் எழுதிக்கொண்டு நடந்தது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவில், துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையே உரிமத்துக்கு உட்பட்ட தொழிலாக வைத்திருக்கிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யும் வேலை அல்ல இது.

மேசையில் கிடந்தது என்ன

எடுத்தவுடன் ஸ்குரூ டிரைவரைத் தொடாமல் இருப்பது முதல் ஒழுங்கு. தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை எடுத்து, அறை காலி என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு முழு மாலை அதை வெறுமனே வாசித்தேன். ரைபிள் தன் கதையைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கும்.

குந்தாவைப் பிடித்திருக்கும் எஃகு வளையத்தின் வலப்பக்கம் கிரீடம், அதன் கீழே மன்னரின் எழுத்துகள், பர்மிங்காம் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் பெயர், 1917, பிறகு மார்க் 3 ஸ்டார் என்ற வகைப் பெயர். ஆக இது முதல் உலகப் போரின் நடுவில் பிறந்த ஷார்ட் லீ என்ஃபீல்ட். 1907இல் ஏற்கப்பட்ட மார்க் 3 ரைபிளிலிருந்து, போர்க்கால அவசரத்துக்காகச் சில பாகங்களைக் குறைத்துச் செய்ததுதான் மார்க் 3 ஸ்டார். தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினை அடைத்துவைக்கும் தகடும், வெகுதூரக் கூட்டுச் சூட்டுக்கான பக்கக் குறிகளும் அதில் கைவிடப்பட்டன.

ஆனால் அந்த வகைப் பெயரின் குறுக்கே ஒரு கோடு வெட்டப்பட்டிருந்தது. வளையத்தைத் திருப்பி இடப்பக்கம் பார்த்தால், அழுக்குக்கும் வார்னிஷுக்கும் அடியில் வேறொரு முத்திரை: .22, மார்க் 4 ஸ்டார்.

த்ரீ நாட் த்ரீ, அதாவது .303 என்பதும், .22 என்பதும் குழல் துளையின் அங்குல அளவுகள். குழல்வாயில் விளக்கைப் பிடித்தேன். .303 குழலுக்குள் சிறு விரலின் நுனி சற்றே நுழையும். இதில் பென்சில்கூட நுழையாது. போல்ட்டின் தலை பிற்பாடு செய்தது. அதன் ஊசி தோட்டாவின் நடுவில் அடிக்காமல் விளிம்பில் அடிக்கும்படி விலகியிருந்தது. மேகசினுக்குள் வில்லும் இல்லை, தோட்டாவை மேலே தள்ளும் தட்டும் இல்லை. காணாமல் போனதாகக் குடும்பம் நினைத்திருந்தது. காணாமல் போகவில்லை. பயிற்சி ரைபிளில் தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால்தான் போட வேண்டும். வெற்று மேகசின், வெளியே தள்ளப்படும் காலி உறைகள் விழுந்து சேரும் பெட்டி.

சிப்பாய் ஒவ்வொரு முறை பயிற்சி எடுக்கும்போதும் .303 தோட்டாவைச் செலவழிப்பது படைக்குக் கட்டுப்படியாகாத காரியம். 1910இல் வந்த மார்க் 7 தோட்டாவின் ஈயமும் உறையும் சேர்ந்த குண்டு 174 கிரெய்ன், ஏறத்தாழ 11 கிராம், வினாடிக்கு 2440 அடி வேகத்தில் போகும். அதற்குப் பெரிய திடல் வேண்டும், பின்னால் மண்மேடு வேண்டும். .22 தோட்டாவின் குண்டு 40 கிரெய்ன்தான், அதற்கு 25 கஜம் போதும். எடை, பிடி, குறி, விசை எல்லாம் போர் ரைபிளைப் போலவே இருக்க, தோட்டா மட்டும் சிறியது. அப்படி மாற்றப்பட்ட ரைபிள்கள் 1926க்குப் பிறகு நம்பர் 2 மார்க் 4 ஸ்டார் என்ற பெயரில் வழங்கின.

எது அசல்?

பேரனிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூன்று தலைமுறையாக வீட்டில் சொல்லிவந்த கதை த்ரீ நாட் த்ரீ. "அப்படியானால் .303 ஆகவே திருப்பிவிடலாமா சார்?" என்று கேட்டார்.

முடியாது, கூடாது. .303 மற்றும் 7.62 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவை ஏற்கும் ரைபிள்கள் ஆயுத விதிகளில் தடைசெய்யப்பட்ட வகை. அவர் கையில் இருக்கும் உரிமம் .22க்கு உரியது. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், எனக்கு அது சம்மதம் இல்லை. இந்த ரைபிளுக்கு மூன்று வயது உண்டு: 1917இல் போர் ரைபிள், அதன் பிறகு பயிற்சி ரைபிள், 1950களில் வேட்டைத் துப்பாக்கி. இவற்றில் எந்த வயதுக்குத் திரும்புவது என்பதை ஆசை தீர்மானிக்கக் கூடாது, மீந்திருக்கும் உலோகம் தீர்மானிக்க வேண்டும். போர்க்காலக் குழல் போய்விட்டது, போல்ட் தலை போய்விட்டது. பயிற்சிக் காலத்துக் குழல், போல்ட், மேகசின், முத்திரை நான்கும் அப்படியே இருக்கின்றன. அந்த வயதிலிருந்து வெட்டப்பட்டது மரமும் மூக்கும் மட்டுமே.

அதையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. போல்ட்டை மூடிவைத்து, குழல்வாய் வழியே ஒரு பித்தளைக் கம்பியை விட்டு அளந்தேன். 640 மில்லிமீட்டர். 25.2 அங்குலம் என்ற முழு நீளம். குழலைத் தொடாமல் விட்டிருந்தார்கள். குழலைச் சுருக்குவதற்கென்றே சட்டத்தின் 6ஆம் பிரிவு தனி உரிமம் கேட்கிறது. அப்படிச் சுருக்கியிருந்தாலோ, தொலைநோக்கிக்காக எஃகு உடலில் துளை போட்டிருந்தாலோ நான் இந்த வேலையை எடுத்திருக்க மாட்டேன். அந்தக் காயங்களை மூடத்தான் முடியும், மீட்க முடியாது.

வெட்டியவரின் கை

இந்த ரைபிளின் முன்கட்டை முதலில் குழல்வாய் வரை நீண்டிருக்க வேண்டும். நடுவில் ஓர் எஃகுப் பட்டை. நுனியில் நோஸ்கேப் என்ற கனமான மூக்குக்கவசம். குறிமுள்ளின் இரு காதுகளும், பயனெட் கத்தி மாட்டும் குமிழும் அதில்தான் இருக்கும். மேலே கையைச் சூட்டிலிருந்து காக்கும் இரண்டு மேல்கட்டைகள். இதில் நடுப்பட்டைக்கு ஒரு விரற்கடை முன்னால் மரம் அறுக்கப்பட்டிருந்தது. முன்புற மேல்கட்டை, நோஸ்கேப், அதற்குள் குழலை மேலே தாங்கும் சிறு வில் எல்லாம் போய்விட்டன.

ஆனால் அறுத்த இடத்தை அப்படியே விடவில்லை. நுனியில் ஈட்டி மரத்தில் ஒரு மூடி செய்து ஒட்டியிருந்தார் யாரோ ஒரு தச்சர். இங்கிலாந்தின் வேட்டைத் துப்பாக்கிகளில் கொம்பில் செய்யும் அலங்காரம் அது. மாட்டு மூக்கு போல வளைந்து, இழை ஒரே திசையில் ஓடும்படி செய்திருந்தார். இணைப்பில் நகம் நுழையவில்லை. வச்சிரம் என்ற பழைய தச்சர் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். தென்மேற்குப் பருவத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய 2019 ஆகஸ்டையும் சேர்த்து, 60 ஆண்டுகளுக்கு மேல் குந்தாவின் ஈரத்தில் அந்த ஒட்டு விடவில்லை.

ராணுவ ரைபிளை வெட்டியவர்கள் மேல் எனக்குப் பொதுவாகக் கோபம் உண்டு. இந்தத் தச்சர் மேல் கோபம் வரவில்லை. உருளைக்கிழங்குத் தோட்டத்தில் காட்டுப்பன்றியைச் சத்தம் போட்டு விரட்ட, அந்தச் சரிவுகளில் இரவில் ஏறி இறங்கியவருக்கு எடை குறைந்த துப்பாக்கி தேவைப்பட்டது. கேட்டதை அவர் நன்றாகச் செய்து கொடுத்தார்.

பழைய காயங்கள்

கெட்டுப்போனவை வேறு இடங்களில் இருந்தன. முன்கட்டையின் பின்முனையில் நீளமாக ஒரு விரிசல். இதன் காரணம் எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. இந்த வகை ரைபிளில் குந்தாவைப் பிடிக்கும் நீண்ட போல்ட்டின் (தோட்டா அறையை மூடும் போல்ட் அல்ல, இது திருகாணி) முனை சதுரமானது. அந்தச் சதுரம் முன்கட்டையின் பின்பக்கத் தகட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கும், போல்ட் தானாகத் தளராமல் இருப்பதற்காக. முன்கட்டையைக் கழற்றாமல் குந்தா போல்ட்டைத் திருகினால், சதுரம் சுழன்று மரத்தைப் பிளந்துவிடும். எப்போதோ யாரோ அப்படித் திருகியிருக்கிறார்கள். லீ என்ஃபீல்டைக் கழற்ற நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்லும் சொல் இதுதான்: முன்கட்டை முதலில், குந்தா பிறகு.

இடப்பக்கம் முழுவதும் துரு. தேர்தல் வரும்போதெல்லாம் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். அப்போது கம்பளியில் சுற்றிக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். கம்பளி மலைக்காற்றின் ஈரத்தை உறிஞ்சி, எஃகோடு ஒட்டவைத்து மாதக்கணக்கில் பிடித்திருக்கும். எண்ணெய் தடவிய பருத்தித் துணி போதும் என்று பேரனிடம் சொன்னேன்.

மூன்றாவது காயத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தோட்டா அறையின் விளிம்பில் ஒரு சிறு பள்ளம். வீட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் தோட்டா இல்லாமல் விசையை இழுத்து விளையாடியதன் அடையாளம். நடுவில் அடிக்கும் ரைபிளில் இது பெரிய சேதம் செய்யாது. விளிம்பில் அடிக்கும் .22இல், தாங்கிக்கொள்ள உறை இல்லாதபோது ஊசி நேராகக் குழலின் எஃகிலேயே மோதுகிறது. பிதுங்கிய உலோகம் அறைக்குள் துருத்திக்கொண்டு தோட்டாவை இறுக்குகிறது.

வேலை

பதிவுக்காக ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பு சுட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். உரிமம் பெற்ற ஒரு ரைபிள் கிளப்பின் 25 மீட்டர் திடலில், ஒரே பெட்டித் தோட்டாவில், ஐந்து ஐந்தாக. வந்தபடியே சுட்டபோது ஐந்து குண்டுகள் பட்ட இடங்களின் பரப்பு 58 மில்லிமீட்டர். இது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

முதலில் தோட்டா அறை. இதற்கென்று உள்ள கூம்பான, கடினப்படுத்திய எஃகு முளையை எண்ணெயிட்டு அறைக்குள் மெதுவாக அழுத்தித் திருகினால், பிதுங்கிய உலோகம் தன் இடத்துக்குத் திரும்புகிறது. அரத்தால் தேய்த்தால் உலோகம் குறையும், முளையால் அழுத்தினால் குறையாது. அரை மணி நேர வேலைதான்.

விரிசலை ஒட்டுவதற்கு முன் மரத்தில் ஊறிய எண்ணெயை எடுக்க வேண்டும். அசிட்டோனில் குழைத்த வெள்ளைச் சுண்ணப் பொடியை அப்பி, காய்ந்து மஞ்சளானதும் உதிர்த்து, மீண்டும் அப்பினோம். ஏழு முறை. எட்டாவது முறை பொடி வெள்ளையாகவே நின்றது. பிறகு எபாக்சி பசையை விரிசலுக்குள் விட்டு, குறுக்கே இரண்டு மர ஆணி அடித்து, இரண்டு நாள் இறுக்கி வைத்தேன்.

இந்த ரைபிளில் விசை எஃகு உடலில் இல்லை, கீழே உள்ள காப்புத் தகட்டில் மாட்டியிருக்கிறது. நடுவில் இருக்கும் மரம் ஒரு மில்லிமீட்டர் அமுங்கினாலும் விசையின் இழுப்பு மாறிவிடும். இரண்டு கட்டமாக வர வேண்டிய இழுப்பு இதில் ஒரே இழுப்பாக இருந்தது. கணக்குப்படி முதல் கட்டம் 3 முதல் 4 பவுண்டு, இரண்டாவது 5 முதல் 6. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து எஃகின் அடிப்பக்கம் பூசி, மரத்தில் வைத்து அழுத்தி எடுத்தால், எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று கறுப்புப் புள்ளிகள் சொல்லும். அமுங்கிய இடத்தில் மெல்லிய அக்ரூட் செதிள்களை ஒட்டி உயர்த்தி, மறுபடி கரி பூசி, மறுபடி சீவி, நான்கு நாள் போயின. விசையின் உலோகத்தை நான் தொடவேயில்லை. மரம் சரியானதும் இரண்டு கட்ட இழுப்பு தானாகத் திரும்பி வந்தது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகுந்த நிறைவு தந்த நாள் அது.

இந்தக் கட்டத்தில் மீண்டும் சுட்டோம். பரப்பு 34 மில்லிமீட்டர்.

பாகங்களுக்கு அலைந்த கதை சுருக்கமானது. ஒரு பழைய துப்பாக்கி வணிகரின் உதிரிப் பெட்டியில் நோஸ்கேப்பும், தாங்கு வில்லும், விரிசல் விட்ட முன்புற மேல்கட்டையும் கிடைத்தன. பதிவேட்டில் எழுதி வாங்கினோம். முன்கட்டையின் நுனிப்பகுதிக்கு மட்டும் மரம் கிடைக்கவில்லை. ஈட்டி கனம், சில்வர் ஓக் இழை தளர்ந்தது, யூகலிப்டஸ் முறுக்கும். கடைசியில் குன்னூரில் பழைய பங்களாச் சாமான் விற்கும் கடையில் ஓர் அக்ரூட் மேசைக்கால் கிடைத்தது. எத்தனையோ பருவமழை பார்த்து அடங்கிய மரம். இழை நேராக ஓடியது.

இணைப்பு

இனி நானும் பேரனும் கருத்து வேறுபட்ட இடம். வழக்கமாக இந்த வேலையைச் செய்பவர்கள் இணைப்பை நடுப்பட்டைக்கு அடியில் ஒளித்துவிடுவார்கள். பட்டையை மாட்டினால் ஒட்டு தெரியாது, பார்ப்பவர் முழுக்கட்டை என்றே நம்புவார். இதிலோ வெட்டு பட்டைக்கு ஒரு விரற்கடை முன்னால் இருந்தது. ஒளிக்க வேண்டுமானால் மீந்திருக்கும் அசல் மரத்தில் இன்னும் ஒரு விரற்கடையை நான் அறுக்க வேண்டும்.

"ஒரு விரற்கடைதானே சார், வெளியே கோடு தெரிந்தால் அசிங்கமாக இருக்காதா?" என்றார்.

"தம்பி, ஒருவர் வெட்டியதைச் சரிசெய்யத்தான் இதைக் கொண்டுவந்தீர்கள். நான் இன்னும் கொஞ்சம் வெட்டிச் சரிசெய்தால் அது இரண்டாவது வெட்டு."

யோசிக்க அவர் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். பிறகு, கோடு இருக்கட்டும் என்று போனில் சொன்னார்.

ஈட்டி மூடியைச் சூடான ஈரத்துணியால் சுற்றி வைத்தேன். இரண்டாவது நாள் வச்சிரம் இளகி, மூடி முழுதாகக் கையோடு வந்தது. அடியில் தச்சரின் ரம்பக்கோடுகள் புதிதாக அறுத்தது போல் இருந்தன. அவற்றையும் சீவவில்லை. பழைய மரத்திலும் புதிய மரத்திலும் குழல் படியும் பள்ளத்துக்குக் கீழே காடி எடுத்து, இரண்டு பக்கமும் 5 சென்டிமீட்டர் போகும் ஓர் உள்கட்டையை இறக்கினேன். பலம் அதில்தான். மெழுகு தடவிய குழலையே அச்சாக வைத்து, இரண்டையும் நேர்படுத்தி ஒட்டினேன். இங்கே எபாக்சி போடவில்லை, வச்சிரமே போட்டேன். நாளை உண்மையான முழு முன்கட்டை எங்காவது கிடைத்தால், தச்சரின் ஒட்டை நான் பிரித்தது போல என் ஒட்டை ஒருவர் பிரிக்க வேண்டும். அந்த ஈரத்தை வச்சிரம் தாங்குமா என்ற கேள்விக்கு, தச்சரே பதில் சொல்லியிருந்தார்.

மற்ற மரத்தில் பூசியிருந்த பளபளப்பில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்தால் பிசுபிசுத்தது. அரக்குப் பாலிஷ். உப்புத்தாள் தேவைப்படவில்லை, ஸ்பிரிட்டே கரைத்தது. கரைந்த இடத்தில் குந்தாவின் பக்கத்தில் வட்ட முத்திரை ஒன்று மேலே வந்தது. உப்புத்தாள் போட்டிருந்தால் பாலிஷோடு அதுவும் போயிருக்கும். பள்ளங்களை ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் வைத்து ஆவியில் எழுப்பினேன்.

புதிய அக்ரூட்டின் நிறம் வெளிறியிருந்தது. அதற்கு மருந்து அவர்கள் தோட்டத்திலேயே விளைகிறது. தேயிலைத் தூளைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து மூன்று முறை பூசி, உலர்ந்தபின் இரும்புத்தூள் ஊறிய வினிகரை மெல்லத் தடவினால், தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மரத்துக்குள்ளேயே கருமை பிடிக்கும். பழைய மரத்தைவிட அரை நிழல் வெளுப்பாக நிறுத்திக்கொண்டேன். மேலே பச்சை ஆளிவிதை எண்ணெய், கையால் தேய்த்து, ஜனவரிக் குளிரில் ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு வாரம். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிப் போடக் கூடாது. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட வேண்டும்.

துருப்பிடித்த எஃகை வெந்நீரில் கொதிக்கவைத்தால் செந்துரு கருந்துருவாக மாறும். பிறகு மென்மையான எஃகுப் பஞ்சால் துடைத்தால் பழைய கருமை நிற்கும். நோஸ்கேப்புக்கும் அதுவே.

முடிந்த நிலை

எடை 400 கிராமுக்குச் சற்று மேல் கூடியது. கடைசியாகச் சுட்டபோது பரப்பு 31 மில்லிமீட்டர். அதாவது 58இலிருந்து 34க்கு இறங்கியது தோட்டா அறையாலும் விசைக்கருகே மரம் படிந்ததாலும்தான். முழுநீளக் கட்டையும் நோஸ்கேப்பும் குறிக்குச் செய்த உதவி மிகக் குறைவு. நன்றாகச் சுடுவதற்காக யாராவது இப்படி மீட்க நினைத்தால், அறையையும் மரப்படிவையும் சரிசெய்துவிட்டு நின்றுவிடலாம்.

வாங்க வந்த நாளில், வீட்டுப் பெரியம்மாவும் உடன் வந்திருந்தார். அந்த ரைபிளை மணப்பெண்ணாக வந்த காலம் முதல் சுவரில் பார்த்தவர். புதிய நீளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தக் கறுப்பு மூக்கு எங்கே?" என்றுதான் கேட்டார். ஈட்டி மூடியைத் துணிப்பையில் போட்டு, எந்த ஆண்டு, எந்தப் பசையிலிருந்து பிரித்தது என்று சீட்டு எழுதி வைத்திருந்தேன். அதை அவர் கையிலேயே கொடுத்தேன்.

பேரனுக்கு இன்னொரு விருப்பம் இருந்தது. நோஸ்கேப்பில் வேறொரு ரைபிளின் எண் பொறித்திருக்கிறது. அதை அரத்தால் எடுத்துவிட்டு இந்த ரைபிளின் எண்ணைப் பொறித்தால் எல்லாம் ஒத்துப்போகும் என்றார். மறுத்துவிட்டேன். அந்த எண் அப்படியே இருக்கிறது. முன்கட்டையின் உட்புறத்தில், குழல் மறைக்கும் இடத்தில், இணைத்த மாதத்தையும் ஆண்டையும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.